குடியிருப்போர் குரூப்

அஸ்தினாபுரத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் வாசலில் தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் ஈர வயிற்றில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பருத்த குழாயைத் தரையடித் தொட்டியான சம்ப்புக்குள் அமுக்கிப் பிடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருபக்கம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மோகன்ராஜ், மறுபக்கம் முதல் மாடி தாவீது. "இன்னா சார், தூங்கினு கீறியா? கெட்டியா புடி!" என்று டிரைவர் கத்துகிறார். தாவீது இரவும் தூங்கவில்லை. தேர்தல் நெருங்குகிறது. நேற்று குடியிருப்போர் வாட்ஸப் குரூப்பில் மோகன்ராஜ் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தார்: "சர்ச்சுக்குப் போகும் துரோகிகளை இந்தத் தேர்தலோடு ஊரைவிட்டே துரத்துவோம்." அதன் கீழே ஐந்து வீடுகளின் கட்டைவிரல்கள். அதற்கும் கீழே இன்று காலை: "லாரி வந்தாச்சு. தாவீது சார், கொஞ்சம் கீழ வாங்க." குழாய் துள்ளி இருவர் சட்டையையும் நனைக்கிறது. "அது சும்மா ஃபார்வர்டு சார்," என்கிறார் மோகன்ராஜ், சம்ப்பைப் பார்த்தபடி. "உங்களைச் சொல்லல."

"இங்க சர்ச்சுக்குப் போறது எங்க வீடு மட்டும்தானே சார்."

மோகன்ராஜ் குழாயை இன்னும் ஆழமாக அமுக்குகிறார். லாரி கிளம்பியதும் தாவீதின் பையில் செல்போன் அதிர்கிறது. "சம்ப் ஃபுல். தாவீது சாருக்கு நன்றி." நேற்றைய செய்தி மேலே அப்படியே இருக்கிறது. அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைக்கிறார், சட்டையும் ஈரம். நன்றிக்குக் கீழே தானும் ஒரு கட்டைவிரலை வைக்கிறார்.