நாரைக்கு நூறு, மானுக்கு முட்டை

"நாரைக்கு நூறு, மானுக்கு முட்டை" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் உயிரியல் பூங்காக் கண்காணிப்பாளர்.

குழந்தைகளுக்குச் சறுக்குமரம் வைக்க இடம் வேண்டுமாம். குளத்துக் கூண்டில் ஒரு நாரை. பக்கத்துக் கூண்டில் முழங்கால் உயரம்கூட இல்லாத காட்டு மான். இரண்டில் ஒன்றை வெளியூர்ப் பூங்காவுக்கு அனுப்பியாக வேண்டும். கண்காணிப்பாளர் நியாயஸ்தர். இரண்டையும் ஒப்பிட்டு, மதிப்பெண் போட்டுத்தான் முடிவெடுத்தார். நேரில் போய்ப் பார்க்க மட்டும் நேரமில்லை. அறையில் ஏசி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

நாரை எந்நேரமும் கண்ணில் படும். ஒற்றைக் காலில் நிற்கும். மீன் கேட்டு நச்சரிக்காது. மானோ, ஆளைக் கண்டால் புதருக்குள் ஓடிவிடும்.

"ஒளிஞ்சுக்கிறதுக்கு ஒரு தீனியா?" என்றார்.

ஒளிவதுதான் அதன் சுபாவம், காட்டில் அப்படித்தான் உயிர் தப்பும் என்று பராமரிப்பாளர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. புட்டிப்பால் கொடுத்து அந்த மானை வளர்த்தவர் அவர்தான்.

"லாரியில ஏத்தினா பயத்துலயே செத்துரும் சார்" என்று கெஞ்சினார்.

"நாரையைப் பார்த்துக் கத்துக்கச் சொல்லுய்யா. என்ன ஒழுக்கம், என்ன பொறுமை."

"கத்துக்க வேணாம் சார். நாரை செத்து எட்டு மாசம் ஆச்சு."

கண்காணிப்பாளர் எகிறினார். ஏன் சொல்லவில்லை, அப்படியானால் அங்கே நிற்பது என்ன, உன் வேலை இருக்காது என்று ஏகத்துக்கும் கத்தினார். பராமரிப்பாளர் தினசரிப் பதிவேட்டைப் பிரித்து வைத்தார்.

'நாரைக்கு மூச்சு நின்றது' என்று அவர் எழுதியிருந்தார். பக்கத்தில் கண்காணிப்பாளரின் கையெழுத்தில், 'நிற்கட்டும். மிக நன்று.'

அடுத்த பக்கத்தில், 'நாரைக்குப் பஞ்சு அடைக்க அனுமதி வேண்டும்.' அதற்கு, 'தாராளமாக. குளிர்காலம் அல்லவா!'

அதன்பின் எட்டு மாதமும் ஒரே வரிதான்: 'நாரை, மாற்றமில்லை.' ஒவ்வொரு நாளும் அதன்கீழே, 'நேரில் பார்வையிட்டேன்' என்று பச்சை மையில் கையெழுத்து.

கண்காணிப்பாளர் பதிவேட்டை மெல்ல மூடினார். எழுந்து போய்க் கதவையும் மூடினார்.

பராமரிப்பாளர் பணிவாகக் கேட்டார். "மானை என்னிக்கு சார் ஏத்தணும்?"

மானை அனுப்பும் உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே கண்காணிப்பாளர் சொன்னார்:

"எந்த மான்?"