மிட்ஜின் குரல்

க்ளெனிஸ் தன் கொல்லையில் ஐந்து வகை வாத்துகளைச் செல்லமாய் வளர்த்தாள். மற்றதெல்லாம் சாது. கையளவே இருந்த வெள்ளை வாத்து மிட்ஜ்தான் கத்தி ஊரைக் கூட்டும். அதை அப்புறப்படுத்தச் சொல்லி நகராட்சியிலிருந்து கடிதமே வந்துவிட்டது.

ஏரிக்கரையில் குடியிருந்த டேரில் என்பவன்தான் கைகொடுத்தான். "என்கிட்ட குடுங்கக்கா. இந்தக் குரல்னா எனக்கு உசிரு."

"ஊரே கரிச்சுக்கொட்டின குரல்டா! நீதான் மனுஷன்," என்று அழுதுகொண்டே கொடுத்தாள்.

மார்ச்சில் வேட்டைக்காலம் தொடங்கிய அன்று டேரில் வாசலில் வந்து நின்றான். கையில், கழுத்து தொங்கிய இரண்டு காட்டு வாத்துகள்.

"மிட்ஜோட பங்குக்கா. ஏரி நடுவுல தனியா கட்டிப்போட்டோம். அது கத்தின கத்தலுக்கு, வானத்துல போன கூட்டம் மொத்தமும் துணைக்கு இறங்கிடுச்சு!"