அண்ணன் வருவதற்குள்

“சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிடணும். அண்ணன் வர்றதுக்குள்ள கடைசிப் பலகையும் ஏறிடணும்,” என்றான் தம்பி. காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அவசரப்படுத்தினா எப்படி சார்? ரெண்டு சுவரும் ஆளுக்கொரு பக்கம் சாஞ்சு நிக்குது. கீழ அளந்த சட்டம் மேல சேர மாட்டேங்குது,” என்று தச்சர் மறுபடியும் டேப்பை நீட்டினார்.

அண்ணன் வீட்டு அடுக்களைச் சுவருக்கும் தம்பி வீட்டுக் குளியலறைச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு வீட்டின் பின்வாசலிலிருந்து மற்ற வீட்டுக்குப் போக அதுதான் வழி. அதை மறித்துத்தான் மரவேலி எழும்பிக்கொண்டிருந்தது.

வேலி தம்பி மனைவியின் பிடிவாதம். அண்ணன் அந்தச் சந்து வழியாக வேளை கெட்ட வேளையில் வருவார், கதவைத் தட்டமாட்டார், அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைத் திறந்து ருசி பார்த்து, உப்பு போதாது என்பார். “இது வீடா, இல்ல உங்க அண்ணனுக்குப் பொது வழியா?” என்று அவள் அரித்து எடுத்ததில் தம்பி தலையாட்டிவிட்டான்.

தலையாட்டுவது சுலபம். அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் ஏதோ வேலையாக வெளியே கிளம்பிய நாளாகப் பார்த்துத் தச்சரைக் கூப்பிட்டுவிட்டான்.

சுவரில் துளை போடும் சத்தம் கேட்கக் கேட்க அவனுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, காலில் செருப்புகூட இல்லாமல் அண்ணன் ஓடிவந்தது இந்தச் சந்து வழியாகத்தான். அந்த மனுஷனுக்கு நான் செய்கிற நன்றிக்கடன் இதுதானா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

“என்னடா, வேலியா?”

திரும்பினால் அண்ணன்! மதியமே வந்து நிற்கிறார்.

தம்பி வேலியை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றான். “அது... நாய்த் தொல்லைண்ணே. உள்ள வந்துடுது...” அந்தத் தெருவில் நாயே கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

அண்ணன் கத்தித் தீர்ப்பார் என்று பயந்தான். அவரோ வேலியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தச்சருக்காகச் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தம்பிக்கு.

“பலகையை எந்தப் பக்கம் அடிக்கணும்?” என்று தச்சர் கேட்டார். “அடிக்கிற பக்கம் பார்வையா இருக்கும். அந்தாண்ட பக்கம் வெறும் சட்டம்தான் தெரியும்.”

“அண்ணன் பக்கமே அடிச்சிடுங்க,” என்றான் தம்பி அவசரமாக.

“வேண்டாம்ப்பா, தம்பி பக்கம் அடிங்க,” என்றார் அண்ணன். “தினமும் பார்க்கப் போறவன் அவன்தானே.”

தம்பிக்குச் சுருக்கென்றது. “நடுவுல ஒரு கதவு வச்சிடலாமாண்ணே?” என்றான், கெஞ்சுகிற குரலில்.

“எதுக்கு? அடைக்கிறதுன்னு ஆயிடுச்சு. முழுசா அடைச்சிடு.”

தம்பி அடுத்த பலகையை எடுத்துக் கொடுத்தான். பலகைகள் ஒவ்வொன்றாக ஏறின. அண்ணன் அந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பிடித்துக்கொடுத்தார். கடைசிப் பலகை ஏறியதும் அவர் முகம் மறைந்தது.

தம்பிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஜன்னலில் மனைவி நின்று முறைப்பதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

“அண்ணே! தப்புப் பண்ணிட்டேன். இப்பவே பிரிக்கச் சொல்லிடறேன். நாயாவது, ஒண்ணாவது! நீங்க எப்பவும் போல வாங்க, உப்பு பாருங்க, என்ன வேணா பண்ணுங்க. என்னை மன்னிச்சிடுங்கண்ணே!”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணனின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

“டேய், பிரிச்சுக்கிரிச்சு வச்சிடாதடா! உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நானே முழிச்சிட்டிருந்தேன்.”

“எதைண்ணே?”

“வேலி இருந்தாத்தான் குடிவருவேன்னு சொல்லிட்டாருடா, என் வீட்டை வாங்கினவர்.”