முதுகுக்கு எட்டு மதிப்பெண்

விடைக்குறிப்பின்படி அவருடைய கொடுமைக்கு மூன்று மதிப்பெண்.

அன்பின்மைக்கு மூன்று. மகளின் கோபத்துக்கு இரண்டு. ஆக மொத்தம் எட்டு.

கேள்வி இதுதான்: 'முதுகு' கவிதையில் வெளிப்படும் தந்தையின் குணத்தை விளக்குக.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

திருச்சியில் விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கி இது மூன்றாவது நாள். ஒரே கூடத்தில் நாற்பது தமிழாசிரியர்கள். மாணவர்கள் அந்த அப்பாவைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். இவர்கள் அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அப்பா ஜன்னலோரம் நான்காவது மேசையில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது.

அவருக்கே முதல் நாள் காலையில்தான் தெரிந்தது. கல்லூரியில் அவர் நடத்துவது இலக்கணம். புதுக்கவிதைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். விடைக்குறிப்போடு இணைத்திருந்த கவிதையைக் கடனே என்று படிக்க ஆரம்பித்தார். எழுதியவர் பெயர் பனிமுள். ஏதோ புனைபெயர்.

நீல நிறப் புத்தகப்பை வந்தது. தபால் ஆபீஸ் பக்கத்துச் சின்னப் பாலம் வந்தது. இடதுபுறம் தேய்ந்த செருப்பு வந்தது.

அது அவருடைய செருப்பு.

வங்கியில் வேலை பார்க்கும் மகள் கவிதை எழுதுவாள் என்பதே அவருக்குச் செய்தி.

கவிதையில் அப்பா பத்தடி முன்னால் போகிறார். பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலத்தில் மகள் விழுகிறாள். முட்டி கிழிந்து ரத்தம் வருகிறது. தானே எழுந்து ஓடுகிறாள். முதுகு நிற்கவில்லை. 'உன் முகம் எனக்கு ஞாபகமில்லை, நீ செத்தால் முதுகுக்குத்தான் மாலை போடுவேன்' என்று கவிதை முடிகிறது.

அவருக்கு வலித்தது. மாலைக்காக இல்லை.

முட்டிக்காக.

அந்தத் தழும்பு பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது வந்தது என்றுதான் இருபத்தேழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

முகாம் முடியும்வரை அவள் வீட்டில்தான் தங்கல். தோசைக்கு அவருக்குப் பிடித்த மிளகாய்ப்பொடி வைக்கிறாள். மதியத்துக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம். வடகம் நமத்துப்போகக் கூடாது என்று தனிப் பொட்டலமாகக் கட்டித் தருகிறாள். இரண்டு பேரும் திருச்சி வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வேறெதுவும் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை.

'தந்தை ஆணாதிக்கத்தின் குறியீடு.' மூன்று போட்டார்.

'ஈவு இரக்கமற்ற கல்நெஞ்சர்.' அதற்கும் மூன்று.

'இப்படிப்பட்ட தந்தையருக்குச் சட்டம் தண்டனை தர வேண்டும்.' சட்டமெல்லாம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கை தாராளமாகவே போட்டது.

அரை மதிப்பெண்ணுக்கு மூக்கால் அழுகிறவர் என்று பெயரெடுத்த மனிதர் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாரி வழங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சொன்னதில் பொய் இல்லையே.

மத்தியானம் ஒரு விடைத்தாள் வந்தது. கோழி கிளறியதுபோல் கையெழுத்து.

'எங்கள் ஊரில் வரப்பில் போகும்போது என் அப்பாவும் முன்னால்தான் போவார். திரும்பிப் பார்க்க மாட்டார். பாம்பு கிடந்தால் தன்னைக் கடிக்கட்டும் என்று தரையையே பார்த்துக்கொண்டு போவார். கவிதையில் வரும் அப்பாவும் அப்படித்தான் இருப்பார். பையைக்கூட அவர்தானே தூக்கிக்கொண்டு போகிறார். இது கவிஞருக்குத் தெரியவில்லை.'

மூன்று முறை படித்தார். யார் பெற்ற பிள்ளையோ. கண் கலங்கிவிட்டது.

அப்படியே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

ஆனால் அது தார் ரோடு. பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர் என்று கல்லூரியில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காக ஓடிய ஓட்டம்.

அவருக்காகப் பரிந்து பேச வந்த ஒரே ஜீவனும் தப்பாகச் சொல்லியிருந்தது.

ஐந்து போட்டார். தனக்காக இல்லை. வரப்பில் போகும் அந்த மனிதருக்காக.

விடைத்தாள் கட்டைச் சரிபார்த்த தலைமைத் தேர்வாளர் சகாயமேரி கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார்.

"சார், விடைக்குறிப்புல பாம்பே இல்லையே?"

"கவிதையிலயும் இல்ல மேடம். இருந்துட்டுப் போகட்டும்."

ஐந்து மணிக்கு மகள் வாசலில் நின்றாள். அவர் கையிலிருந்த பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"சீக்கிரம் வாங்கப்பா, அஞ்சு பத்து பஸ் போயிரும்."

சொன்னவள் விறுவிறுவென்று நடந்தாள். தோளில் அவருடைய பை. காலி டிபன் பாக்ஸ் உள்ளே கடகடவென்றது. பத்தடி முன்னால் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அச்சு அசல் அவர் நடை. செருப்புகூட இடதுபுறம்தான் தேய்ந்திருந்தது.

கூப்பிட நினைத்தார். பெற்ற மகளின் முதுகு. ஐம்பத்தேழு வயதில் அவருக்கே தாங்கவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும்?

தூரத்தில் பஸ் தெரிந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"நறுமுகை, கொஞ்சம் நில்லும்மா."

நின்றாள். திரும்பினாள்.

அவர் பக்கத்தில் போனார். மூச்சு வாங்கியது.

"அன்னிக்குப் பாலத்துல விழுந்தியே... ரொம்ப ரத்தம் வந்துச்சாம்மா?"

பஸ் வந்தது. நின்றது. கிளம்பிப் போயே விட்டது.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.