வெறும் கலன்

அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

ராமாமணி ஸ்டூலை விட்டு எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

எஃகுக் கலனில் ஹைட்ரஜனை அடைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே கொட்டாங்குச்சிக் கரித்தூள் இருந்தால் அழுத்தம் இறங்கும். தூளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் வாயு போய் ஒட்டிக்கொள்ளும். முள் எவ்வளவு இறங்குகிறதோ, தூள் அவ்வளவு வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு வருடமாக அவள் செய்துவந்த ஆராய்ச்சி இதுதான்.

இன்று கலனில் தூள் இல்லை.

நாளை காலை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. பெங்களூரிலிருந்து வரும் தேர்வாளர் கேட்டால் காட்டலாமே என்றுதான் வெறும் கலனை ஒரு முறை அளந்து பார்த்தாள். ஆரம்பத்தில் அப்படி அளந்தபோது முள் அசையவே இல்லை.

அதற்குப் பிறகு வால்வை மாற்றியிருந்தார்கள். ஆய்வேட்டில் இருந்த பெரிய பெரிய எண்களெல்லாம் புது வால்வுக்குப் பிறகு வந்தவை.

சோப்புத் தண்ணீரைத் தொட்டு வால்வின் கழுத்தில் தடவினாள். கடுகளவில் ஒரு குமிழ் கிளம்பிப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

தூள் பிடித்து வைத்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பீளமேட்டுக் காற்றில் போயிருந்தது.

அந்தியூரில் அம்மாவிடம் விட்டிருந்த மகளை ஜூனில் இங்கே பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பட்டம் வந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் மகள்.

சிலிண்டரை மூடினாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். படியிறங்கி, வெயிலில் கேட்டைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து, தன் ஆய்வு நெறியாளரான பேராசிரியர் சுந்தரராஜுலுவின் அறைக் கதவைத் தட்டினாள்.

அவர் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருந்தார். 'கொட்டாங்குச்சிக் கரியால் கார் ஓடும்: கோவைப் பேராசிரியர் சாதனை.'

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்கும் தெரியாதல்ல, அம்மணி? நாளைக்கு முடிஞ்சு போகட்டும். வால்வைப் பொறவு பாத்துக்கலாம். புள்ளையக் கூட்டியாரோணுமல்ல நீயி?"

குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுக்கு எதுத்தாப்புல எஸ்.டி.டி. பூத்துல இருந்து பெங்களூர் சாருக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டுத்தானுங்க சார் வாரேன். அவரு நாளைக்கு வரலீங்க."