ஊதாக் கத்தரியின் குலப்பெருமை

ஊதாக் கத்தரிச் செடிக்குக் குலப்பெருமை பேசாவிட்டால் காலைத் தண்ணீர் உள்ளே இறங்காது. "ஏழு தலைமுறையா எங்க குடும்பத்துல எல்லாரும் ஊதாதான்" என்று வேலியில் படர்ந்த பாகல்கொடியிடம் தினமும் சொல்வாள். பக்கத்துப் பாத்தி வெள்ளைக் கத்தரிகள் பக்கம் இலையைக்கூடத் திருப்ப மாட்டாள்.

அவள் விதையில் முளைத்த நாலு பிள்ளைகளும் ஒருநாள் தங்கள் முதல் காயை விட்டன. மூன்று பேருக்கு ஊதா. கடைக்குட்டிக்கு மட்டும் வெள்ளைவெளேரென்று முட்டை மாதிரி ஒரு காய்.

பாகல்கொடி வேண்டுமென்றே இருமினாள். ஊதாக் கத்தரியோ, மகரந்தம் தேடி வந்த வண்டின் மேல் பாய்ந்தாள்.

"பாவி! பக்கத்துப் பாத்தி மகரந்தத்தை என் பூவுல கொட்டிட்டுப் போயிட்டியே!"

"நானா? விதையில கலப்பு வரக்கூடாதுன்னு தோட்டக்காரர் உன் மொட்டுக்குத் தாள்பை கட்டியிருந்தாரேம்மா. எறும்புகூட உள்ளே போகலை. உன் பூவுக்கு உன் மகரந்தம்தான்."

"அப்போ இந்த வெள்ளை எங்கேருந்து வந்துச்சு?"

"உனக்குள்ளேருந்துதான். உங்கம்மா பூவுக்கு யாரும் பை கட்டலை. வெள்ளைப் பாத்தியிலேருந்து மகரந்தம் கொண்டுவந்தது நான்தான். உங்கப்பா நிறம் உன் மேல தெரியலை, உள்ளேயே இருந்திருக்கு."

மறுநாள் தோட்டக்காரர் புதுப் பைகளோடு வருவதைக் கண்டதும் ஊதாக் கத்தரி வண்டை அவசரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவர் பையைக் கட்டுறதுக்குள்ள பக்கத்துப் பாத்திக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. மறுபடி வெள்ளை பிறந்தா, பழி போட யாராவது வேணும்ல?"