வாட்டம்

மழைக்கு முன்பே மோசஸ் வீட்டைச் சுற்றி சிமென்ட் பூசி, தண்ணீரெல்லாம் பக்கத்து வீட்டுப் பக்கம் ஓடும்படி வாட்டம் வைத்துவிட்டார்.

“அங்கே போய்த் தேங்குமேங்க” என்றாள் அவர் மனைவி மேவிஸ்.

“தேங்கட்டும். நம்ம அஸ்திவாரம் நனையாம இருந்தா போதும்.”

அந்த வீட்டைப் பற்றிய பேச்சு இங்கே நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன.

அவர்கள் குடியிருந்த கட்கியில் மழை விடாமல் பெய்தது. தன் வாசல் காய்ந்து கிடப்பதையும் பக்கத்து வாசல் குளமாவதையும் மோசஸ் ஜன்னலில் நின்று தினமும் பார்த்தார். ஆகஸ்டில், இவருடைய படுக்கையறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது.

பார்க்க வந்த இன்ஜினீயர் சஹானா வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள்.

“உங்க பக்கம் ஈரமே இல்ல அங்கிள். பக்கத்து வீடுதான் இறங்குது. கறுப்பு மண், நல்லா ஊறிப்போச்சு.”

“அது இறங்கினா என் வீடு ஏம்மா பிளக்கணும்?”

“அதான் எனக்கும் புரியல. ரெண்டுக்கும் தனித்தனி அஸ்திவாரம்தானே?”

மோசஸ் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேவிஸ் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஒண்ணுதாம்மா. மாமனார் கட்டினது ஒரே வீடு. அவர் போனப்புறம் அண்ணனும் தம்பியும் நடுவுல சுவர் எழுப்பிக்கிட்டாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம், தம்பி வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு தெருவில் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.